பத்மினி பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் டேங்க்: பட்டறையில் செய்யலாமா?

கோவை_பத்மினி: என் பிரீமியர் பத்மினிக்கு முன்னாடி டிஸ்க் பிரேக்கும் வேக்குவம் பூஸ்டரும் (எஞ்சின் உறிஞ்சற வேக்குவத்தால பெடல் அழுத்தத்தைக் கூட்டிக் குடுக்கறது) மாட்டியாச்சுங்க. அதே 1089 சிசி எஞ்சின்தான், வால்வைத் திறக்கற கேம்ஷாஃப்ட் மட்டும் மாத்தினது. ஐடிலிங்ல வேக்குவம் கேஜ் 11 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டல. சிக்னல்ல ரெண்டு தடவை அழுத்தினா, மூணாவது தடவை பெடல் இறங்க மாட்டேங்குது. 4 அங்குல இரும்பு பைப்பை ஒரு அடிக்கு வெட்டி, ரெண்டு பக்கமும் தகடு வெல்டிங் பண்ணி டேங்க் செய்யலாம்னு இருக்கேன். ரெண்டரை லிட்டர் வரும். என்ன சொல்றீங்க?

டீசல்_மெக்கானிக்: வேண்டாம் தம்பி. டேங்க் வேக்குவத்தைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. மோட்டார் ஓடாத வீட்டுல மொட்டை மாடியில தண்ணி டேங்க் வச்சு என்ன பிரயோஜனம்? எலெக்ட்ரிக் வேக்குவம் பம்ப் போடுங்க.

மலைப்பாதை: அண்ணா சொல்றது ஐடிலிங்குக்குச் சரி. ஓடுற வண்டியில ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் (காத்து போற வழியில இருக்கற தகடு) மூடிக்கும், எஞ்சின் கியர்ல சுத்திக்கிட்டே இருக்கும். அப்போ மேனிஃபோல்டுல, அதாவது எஞ்சினுக்குள்ள காத்து போற குழாயில, வேக்குவம் 20 அங்குலம் வரைக்கும் போகும். மேனிஃபோல்டுக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு பக்கம் மட்டும் காத்தை விடற செக் வால்வு இருந்தா அது அப்படியே தங்கும். பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் காலை எடுக்கத்தானே செய்றோம்?

டீசல்_மெக்கானிக்: அவிநாசி ரோட்டுல வேகமா போறப்போ சரி. சாயங்காலம் காந்திபுரத்துல நகர்ந்து நகர்ந்து நிக்கறப்போ? வேகமே எடுக்காத வண்டியில எந்த வேக்குவத்தைச் சேர்க்கறது? ஊட்டி போனா இன்னும் மோசம். 300 மீட்டர் ஏறினா வேக்குவம் சுமார் ஒரு அங்குலம் குறையும். கோவையில 11 காட்டுற எஞ்சின் 2,240 மீட்டர்ல 5 காட்டினாலே பெருசு.

மலைப்பாதை: ஊட்டியில நிக்கறப்போ குறையும், ஒத்துக்கறேன். ஆனா பிரேக் உயிர் காக்கறது இறக்கத்துல. ஊட்டியில இருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியர்ல இறங்கினா த்ராட்டில் பெரும்பாலும் மூடியேதான் இருக்கும், ஒவ்வொரு வளைவுக்கும் டேங்க் நிரம்பிடும். பழைய டைனமோ வண்டி ஐடிலிங்ல சரியா சார்ஜ் ஆகாது. அதுல பம்பையும் ஓட்டினா பேட்டரி என்ன ஆகும்?

புது_ஓனர்: இரும்பு எதுக்கு? பிவிசி பைப்பும் ரெண்டு மூடியும் போதாதா? செலவும் கம்மி.

டீசல்_மெக்கானிக்: கண்டிப்பா கூடாது. 60 டிகிரியைத் தாண்டினா பிவிசி பலம் இழக்கும், பானட்டுக்குள்ள சூடு அதைத் தாண்டும். 20 அங்குல வேக்குவத்துல 4 அங்குல மூடி ஒண்ணு மேலயே காத்து 55 கிலோ கனத்துல உள்நோக்கி அழுத்தும். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி வெல்டிங் பண்ற வேலையும் வேண்டாம், உள்ள மிச்சமிருக்கற கேஸ் ஆளைக் கொன்னுடும்.

மலைப்பாதை: இதுல அண்ணா பக்கம்தான் நானும். பெட்ரோல் ஹோஸும் போடாதீங்க, வேக்குவம் உறிஞ்சினா உள்பக்கம் அமுங்கி ஒட்டிக்கும். வேக்குவம் ஹோஸ்தான் வேணும். மாட்டறதுக்கு முன்னாடி டேங்கை 20 அங்குலத்துக்கு உறிஞ்சி ஒரு ராத்திரி விடுங்க. காலையில முள்ளு இறங்கியிருந்தா வெல்டிங்ல ஓட்டை.

கோவை_பத்மினி: சரிங்க. கேஜை வண்டிக்குள்ள இழுத்து, அவிநாசி ரோட்டுலயும் காந்திபுரத்துலயும் ஓட்டிப் பார்த்துட்டு அளவை இங்க எழுதறேன்.

டீசல்_மெக்கானிக்: எழுதுங்க. டவுனுக்கு பம்ப்தான்னு இப்பவும் சொல்றேன். டேங்க்தான்னு முடிவு பண்ணினா, வேக்குவம் குறைஞ்சா எரியற மாதிரி ஒரு சிவப்பு விளக்கை டாஷ்போர்டுல வைக்காம வண்டியை ரோட்டுல இறக்காதீங்க.