கனத்த கோண எழுத்துருக்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வளைவே இல்லாமல் நேர்கோடும் வெட்டுமாக நிற்கும் தடித்த தலைப்பு எழுத்துருக்களை வரைந்தவர்களும் பயன்படுத்தியவர்களும் இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தால் முடிந்துவிடும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மூலையை வெட்டும் இடத்தில்தான் முழு வேலையும் இருக்கிறது. ஆங்கில ‘ஓ’வை எண்கோணமாக வரைகிறீர்கள், கோட்டின் தடிமன் 200 அலகு என்று வையுங்கள். வெளிமூலையை 45 பாகையில், பக்கத்துக்கு 200 அலகு வெட்டுகிறீர்கள். உள்மூலையையும் அதே 200-க்கு வெட்டினால் சாய்ந்த பகுதியின் தடிமன் 283 ஆகிவிடும். நாலு மூலையும் வீங்கினாற்போல் தெரியும். சாய்வும் 200-லேயே நிற்க வேண்டுமானால் உள்வெட்டு 83 அலகுதான் இருக்கலாம். கணக்கு இவ்வளவுதான். அதற்குப் பிறகு தூரத்தில் வைத்துப் பார்த்து, கண் சொல்கிறபடி இன்னும் சில அலகு கூட்டிக் குறைக்க வேண்டும். அந்தக் கடைசி இழைப்புக்காகத்தான் எனக்கு இந்த வேலை இவ்வளவு பிடித்திருக்கிறது.

1970-இல் ஐடிசி என்ற அமெரிக்க எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட ‘மெஷின்’ எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரான் போண்டரும் டாம் கார்னேஸும் வரைந்தது. எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் வெறும் கீறலாகச் சுருங்கியிருக்கும், ஆனாலும் சொல் படிக்கும்படி நிற்கும். கறுப்பை வரைந்தார்களா, வெள்ளையை வரைந்தார்களா என்று சந்தேகமே வந்துவிடும்!

———

நல்ல இழை, நண்பரே. நான் ஸ்டிக்கர் கட்டிங் பக்கம். வினைல் வெட்டும் மெஷினில் பிளேடின் நுனி, அது சுழலும் அச்சுக்கு நேர் கீழே இருக்காது; கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்தத் தள்ளல் அளவை (ஆஃப்செட்) மெஷினில் சரியாகக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கூர்முனையும் மழுங்கி வரும். வளைவான எழுத்தில் இந்தக் குறை கண்ணில் படாது, கோண எழுத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் புது பிளேடு போட்டதும் நான் வெட்டிப் பார்ப்பது ஒரு கனத்த கோண ‘எம்’தான். இன்னொன்று, மெல்லிய கூர்நுனிகள் ஒட்டிய பிறகு முதலில் தூக்கிக்கொள்ளும். நுனியைத் துளி தட்டையாக்கிவிட்டால் ஒட்டு நிற்கும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

———

போஸ்டர் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த எழுத்துக்களுக்கு வெளிக்கோடு கொடுக்க ஸ்ட்ரோக் போடாதீர்கள். கோடு மூலையில் திரும்பும்போது கூர்மை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு ‘மைட்டர் லிமிட்’ என்று ஒரு வரம்பு உண்டு. எஸ்விஜி என்ற படக் கோப்பு வடிவத்தில் தானாக இருப்பது 4, அதாவது கோட்டின் தடிமனைப்போல் 4 மடங்கு. அந்த அளவில், சுமார் 29 பாகைக்குக் குறைந்த மூலைகள் எல்லாம் தட்டையாக வெட்டப்படும். அதற்கு மேலானவை முள்ளாக நீளும். ஒரே சொல்லில் ‘ஏ’ தட்டையாகவும் ‘வி’ முள்ளாகவும் வந்து நிற்கிற கோலத்தை நான் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பில் பார்த்தேன். எழுத்தின் ஓரப் பாதையைச் சற்றே வெளியே தள்ளி (ஆஃப்செட்) தனி வடிவமாக்கிவிட்டு, மூலைகளைக் கையால் சீர்செய்வதுதான் நல்லது.

எண்களிலும் கவனம் வேண்டும். 8-உம் ‘பி’யும், 5-உம் ‘எஸ்’ஸும், 0-உம் ‘ஓ’வும் எண்கோணத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். குறியீட்டு எண் அச்சிடும் இடத்தில் இந்த ரகத்தை நான் தொடவே மாட்டேன்.

———

தமிழில் இதை முயன்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று தேடித்தான் வந்தேன். நான் ஒரு தொகுப்பு வரைந்துகொண்டிருக்கிறேன். ட, ப, ம, ங எல்லாம் இந்தப் பாணிக்கென்றே பிறந்தவை. சிக்கல் ‘ண’வில் இருக்கிறது. அத்தனை சுழிகளையும் கனத்த கோட்டில் வைத்தால் உள்ளே வெள்ளையே மிஞ்சாது. சுழியைச் சதுரத் துளையாக்கி, அந்த இடத்தில் மட்டும் கோட்டை மெலியவிட்டேன். அப்போதுதான் எழுத்து மூச்சுவிட்டது. உகர ஊகாரமும் லேசில்லை. கு, டு, து, மூ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். 18 மெய்க்கும் 36 எழுத்தைத் தனித்தனியாக வரைந்தாக வேண்டும்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் மேலும் கீழும் வெட்டியெடுத்த பலகை மாதிரி நிற்கும். நமக்கு ‘கி’யின் மேல்விலங்கு மேலே ஏறும், ‘து’வின் வால் கீழே இறங்கும். இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. அந்த மேல்விலங்கை வலப்பக்கம் சாய்ந்த ஒரே வெட்டாக வைத்தேன், சொல்லுக்கே ஒரு வேகம் வந்தது. ஆனால் வரி இடைவெளியை இறுக்கினால் மேல்வரி ‘து’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் சுழியில் இடிக்கும். இரண்டு வரித் தலைப்பென்றால், எந்தச் சொல்லை எதன்கீழ் வைப்பது என்பதை நான் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறேன்.

———

அந்த ‘ண’வைப் பெரிய அளவில் இங்கே போடுங்கள் தோழர். ‘ஞ’வுக்கும் ‘ழ’வுக்கும் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு ‘ழ’வின் கீழ்ச்சுழிதான் இன்னும் பிடிபடவில்லை.