மணல் தோட்டத்துக் கொச்சிக்காய்: எருவா, யூரியாவா?

கேள்வி (மணற்தரை_20):

மட்டக்களப்பில களுதாவளைப் பக்கம் 20 பேர்ச் (எட்டில ஒரு ஏக்கர்) காணி. முழுக்க கடற்கரை மணல், இடைக்கிடை சிப்பி ஓடும் கிடக்கு. மாரி முடிஞ்சு மாசிக் கடைசியில கொச்சிக்காய் (மிளகாய்) நட எண்ணம். தண்ணி குழாய்க்கிணறு, ஆவணி புரட்டாசியில கொஞ்சம் உவர்க்கும்.

பக்கத்துத் தோட்டத்தில மாட்டெரு மட்டும் போடுறாங்க, செடி வெளுத்துப்போய் நிக்கிது. மற்றப் பக்கம் யூரியா மட்டும். இலை கரும்பச்சை, ஆனா சுருண்டு கிடக்கு. எதைப் போடலாம்? எவ்வளவு போடலாம்? கிலோக் கணக்கில சொன்னா நல்லம்.

பதில் 1 (எருவண்டி):

முதல்ல கணக்கைப் பாருங்க தம்பி. 2 அடிக்கு 1½ அடி இடைவெளியில நட்டா 20 பேர்ச்சில ஏறக்குறைய 1,850 கன்று நிக்கும். அதுக்கு ஒரு போகத்துக்கு யூரியா 16 கிலோ, டி.எஸ்.பி (பொசுபரசுப் பசளை) 5 கிலோ, எம்.ஓ.பி (பொட்டாசியப் பசளை) 5 கிலோ அளவில தேவைப்படும்.

16 கிலோ யூரியாவில நைதரசன் 46 வீதம், அதாவது 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. காய்ஞ்ச மாட்டெருவில 1 வீதம்தான். அதுலயும் முதல் போகத்தில செடிக்குக் கிடைக்கிறது மூண்டில ஒரு பங்கு எண்டு வைங்க. அப்ப எருவால மட்டும் ஈடுகட்ட 2.2 தொன் அளவில வேணும். பக்கத்துத் தோட்டத்தில அரைத் தொன் தாண்டியிருக்காது, அதான் வெளுப்பு. எருவில பிழை இல்ல, அளவு காணாது.

பழுத்த கோழி எரு எண்டா 750 கிலோவோட சமாளிக்கலாம். ஆனா அதில உப்பு இருக்கு, உங்கட தண்ணியும் உவர். முழுக்க அதை நம்பாதீங்க. பச்சைக் கோழி எருவைக் குழியில போட்டா அமோனியா ஏறி ஒரு கிழமையில வேர் கருகும். குவிச்சு நனைச்சு, ரெண்டு மூண்டு தரம் பிரட்டி, சூடும் மணமும் அடங்கின பிறகுதான் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஜீவாமிர்தம் ஊத்தினாப் போதும் எண்டு சொல்றவங்களுக்கும் ஒரு கணக்கு. 200 லீற்றர் பரல் ஒண்டில போற சாணம் 10 கிலோ, கோமயம் 10 லீற்றர், கடலைமா 2 கிலோ. எல்லாம் சேர்த்து நைதரசன் கால் கிலோவும் வராது, அரைக் கிலோ யூரியாவுக்குச் சமன். நுண்ணுயிருக்கு நல்லம், பசளைக்கு ஈடில்ல.

பதில் 2 (வாவிக்கரை):

கணக்குச் சரி அண்ணா. ஆனா இந்த மண்ணில யூரியாவை மட்டும் நம்பினா காசைக் கிணத்தில போட்ட மாதிரித்தான். மணலில களியும் இல்ல, உக்கலும் இல்ல. பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லாததால ஒரு பெரிய தண்ணிப் பாய்ச்சலோட பசளை வேருக்குக் கீழ போயிடும். கொச்சிக்காய் வேர் ஒண்டரை அடிக்குள்ளதான். அதுக்குக் கீழ போனது நைத்திரேற்றாக் கிணத்துக்குப் போகும். கரையோரத்தில நிலத்தடி நீர் ஆழமில்ல, அதே தண்ணியைத்தான் பிள்ளைகளும் குடிக்கிது. குடிதண்ணிக்கு உலக சுகாதார அமைப்பு சொல்ற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று.

அதால எரு போடுறது நைதரசனுக்காக எண்டு நினைக்காதீங்க. தண்ணியையும் பசளையையும் பிடிச்சு வைக்கத்தான் அது. காய்ஞ்ச மாட்டெரு 500 கிலோ எடுத்து, வயல் முழுக்க வீசாம, நடுறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் குழிக்கு 250 கிராம் படி போட்டு மண்ணோட பிசறி நனைச்சு விடுங்க. ரெண்டு கை அள்ளினா அந்த அளவு வரும். உமிக்கரி கிடைச்சா ஒரு கை சேருங்க. பச்சை உமி வேணாம், அது உக்கும்போது இருக்கிற நைதரசனையும் இழுத்துக்கொள்ளும்.

வாவியில ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) இலவசமாக் கிடைக்கிது. ரெண்டு மூண்டு நாள் வாடவிட்டு, வேரை வெட்டி எறிஞ்சு, சாணத்தோட அடுக்கிக் கூட்டெரு செய்யலாம். பட்டணக் கழிவு விழுற இடத்தில எடுக்க வேணாம், அந்தச் செடி பார உலோகத்தை உறிஞ்சி வச்சிருக்கும்.

சிப்பி மணலுக்கு அடுப்புச் சாம்பல் போடாதீங்க. ஏற்கனவே காரத்தன்மை, சாம்பல் இன்னும் கூட்டும். யூரியா போட்ட மண்ணில சாம்பலும் சேர்ந்தா அமோனியா கூடப் பறக்கும்.

பதில் 3 (மணற்தரை_20):

நன்றி. அப்ப யூரியா 16 கிலோவை எத்தனை தரமாப் பிரிக்கிறது? பொதுவா நாலு தரம் எண்டுதான் சொல்றாங்க.

பதில் 4 (எருவண்டி):

நாலு தரம் களி மண்ணுக்குச் சரி. உங்களுக்கு எட்டு. நட்டு 14ஆம் நாள் தொடங்கி 10 நாளுக்கு ஒருக்கா 2 கிலோ, கன்றுக்கு 1 கிராம் சொச்சம். 10 லீற்றர் பூவாளிக்கு மட்டமா ரெண்டு மேசைக்கரண்டி கரைச்சு 20 கன்றுக்கு அரை லீற்றர் படி ஊத்துங்க.

டி.எஸ்.பி நடும்போதே குழிக்கு அரைத் தேக்கரண்டி, எருவோட கலந்து. சிப்பி மண்ணில பொசுபரசு கல்சியத்தோட இறுகிப்போகும், எருவுக்குள்ள இருந்தா கொஞ்சம் தப்பும். எம்.ஓ.பியைக் குழியில போடாதீங்க, இளம் வேருக்கு உப்புச் சூடு. மூண்டாம் தரத்தில இருந்து ஏழாம் தரம் வரைக்கும் யூரியாக் கரைசலோடயே தரத்துக்கு 1 கிலோ. தண்ணி நல்லா உவர்க்கிற மாதத்தில எம்.ஓ.பியை நிப்பாட்டி எஸ்.ஓ.பிக்கு (பொட்டாசியம் சல்பேற்று) மாறுங்க, விலை கூட, ஆனா குளோரைட் இல்ல.

ஊத்தினதும் மேல கொஞ்சம் தண்ணி விட்டு ரெண்டு அங்குலம் இறக்குங்க. அண்டைக்கே வாய்க்கால் திறந்து நிறைக்க வேணாம். யூரியா மண்ணில மாறமுன்னம் தண்ணியோட சேர்ந்தே ஓடும். உச்சி வெயிலில மேலாக விசிறிவிட்டுப் போனா பாதி காத்துக்குத்தான்.

பதில் 5 (சொட்டுக்குழாய்):

1,850 கன்றுக்குப் பூவாளி எண்டா ஒரு தரத்துக்கு 90க்கு மேல தூக்க வேணும், அதை எட்டுத் தரம். முதுகு போயிடும். சொட்டுநீர்க் குழாய் இருந்தா பரல் ஒண்டில கரைச்சு விடலாம். முதல் 10 நிமிசம் வெறும் தண்ணி, பிறகு 15 நிமிசம் கரைசல், கடைசி 5 நிமிசம் திரும்ப வெறும் தண்ணி. கடைசியாக் கழுவாட்டி துளைக்குள்ள பாசி பிடிக்கும். டி.எஸ்.பியை மட்டும் குழாயில விடவே கூடாது, அடைச்சுக்கொள்ளும்.

இன்னொண்டு. யூரியாத் தோட்டத்தில சுருட்டல் எண்டீங்க, அது பசளைக் குறை இல்ல. இலை மேல் நோக்கிச் சுருண்டா பனிப்பூச்சி, கீழ் நோக்கி வளைஞ்சா சிற்றுண்ணி. நைதரசன் கூடி இலை மெத்தெண்டு இருந்தா சாறு உறிஞ்சிகள் சேரும். அதைப் பார்த்து இன்னும் யூரியா போடுறவங்க இருக்காங்க, அதுதான் கொடுமை. இலையைத் திருப்பி லென்ஸ் வச்சுப் பாருங்க.

அடியிலைகள் வெளுத்தா நைதரசன் குறை. நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிண்டா இரும்புக் குறை, சிப்பி மண்ணில வழமை. அதுக்கு யூரியா கேட்காது, இலைக்கு இரும்புச் சத்துத் தெளிக்க வேணும். இலை விளிம்பு கருகினா முதல்ல தண்ணியில உப்பைச் சோதியுங்க.

பதில் 6 (வாவிக்கரை):

முழுக்கச் சேதனத்துக்கே போக விருப்பமெண்டா ஒரே போகத்தில பாயாதீங்க. 2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டி, நவம்பரில திரும்பத் திறந்தாங்க. எந்த மண்ணும் ஆறு மாதத்தில மாறாது. வேலியில கிளிசரியா எண்ட இலைப்பசளை மரம் நடுங்க. 100 கிலோ பச்சை இலையில முக்கால் கிலோ அளவில நைதரசன் இருக்கு. வெட்டி வரிசைக்கு நடுவில மூடாக்காப் போட்டா மணல் சூடும் குறையும். ஒவ்வொரு போகமும் எருவைக் கூட்டி யூரியாவில 2 கிலோ குறைச்சுப் பாருங்க. அடியிலை வெளுக்கத் தொடங்கினா அந்த அளவில நிப்பாட்டுங்க.

பதில் 7 (மணற்தரை_20):

சரி, எரு 500 கிலோவுக்குச் சொல்லி வைக்கிறன். பட்டிக்காரர் லோட் கணக்கில விக்கிறார், நிறை தெரியாது. எப்படி அளக்கிறது?

பதில் 8 (எருவண்டி):

காய்ஞ்ச எரு ஒரு யூரியாப் பையில நிரப்பித் தராசில போடுங்க. ஈரத்தைப் பொறுத்து 20இல இருந்து 30 கிலோ வரும். ஒரு பையை நிறுத்தா மிச்சத்தைப் பையாலயே எண்ணலாம். ஈர எருவைத் தந்தா வாங்காதீங்க, தண்ணிக்குத்தான் காசு போகும்.