பொருள்: வீட்டுத் தோட்டத்து "ஃபயர்பிட்", தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்)

வா.சு., மெல்பேர்ண்

அனைவருக்கும் வணக்கம். ஃபயர்பிட், அதாவது தோட்டத்தில் சுற்றி உட்கார்ந்து குளிர்காயும் நெருப்பிடம், பற்றி இங்குள்ள ஒரு நகரசபைக்காக நான்கு பக்கப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். உள்ளடக்கம் கடினமில்லை, தலைப்புத்தான் நகரமாட்டேன் என்கிறது. ஃபயர்பிட் என்ற பெயரில் இங்கே மூன்று சாமான்கள் இருக்கின்றன: நிலத்தில் தோண்டிக் கல் கட்டியது, கால் வைத்த இரும்புச் சட்டி, நடுவில் வாயுச் சுடர் எரியும் மேசை. மூன்றுக்கும் பொதுவாக ஒரே சொல் வேண்டும்.

வாசிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாமார். ஊரில் முற்றம் கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்திய பழக்கம் உள்ளவர்கள். விக்டோரியாவில் தீ அபாயக் காலத்தில் அது விளையாட்டு இல்லை. 2009 பெப்ரவரி 7 காட்டுத்தீயில் 173 பேர் இறந்த மாநிலம் இது. ஆகவே சொல் அழகாக இருப்பதைவிட விளங்குவது முக்கியம்.

தே.பி., மதுரை

இதற்கு ஏன் அவசரக் கூட்டம்? தீக்குழி. தீயை உடைய குழி. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ககரம் மிகும். தீ, குழி இரண்டும் கலப்பில்லாத தமிழ். எழுதி அனுப்பிவிட்டுத் தூங்குங்கள் அம்மா.

இர., கோவை

தூக்கம் வராதுங்க. எங்கள் பக்கம் பண்ணாரி அம்மன் கோயிலில் பங்குனிக் குண்டம் இறங்கித் தீ மிதிக்க எத்தனை கூட்டம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. தீக்குழி என்றால் தமிழ் முதியவர் மனதில் வருவது மஞ்சள் சேலையும் வேப்பிலையும். "தீக்குழியைச் சுற்றி நாற்காலி போட்டு அமருங்கள்" என்று படித்தால் என்ன நினைப்பார்?

இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. குழி என்று எழுதினால் ஆள் மண்வெட்டியை எடுப்பார். தோண்டி, அழகுக்கு ஆற்றுக் கூழாங்கல்லைச் சுற்றி அடுக்குவார். அந்தக் கல்லுக்குள் ஈரம் இருக்கும். சூடேறினால் ஆவியாகி, போக வழியில்லாமல் கல் வெடித்துச் சில்லு பறக்கும். சாதாரண சிமெண்ட் கட்டையும் நம்பத் தகுந்ததல்ல. உலைகளுக்குப் போடும் ஃபயர் பிரிக்தான் உள்சுவருக்கு ஏற்றது. வாயு வகை என்றால் குழி இன்னும் மோசம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதனால்தான் அந்த வகைக்குக் கீழே காற்று போகும் திறப்பு கட்டாயம். பெயரே ஆளைத் தவறான வேலைக்கு அனுப்பக்கூடாது.

ம.கு., தஞ்சாவூர்

ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் இருந்த பொருளுக்கு இப்போது பெயர் தேடுகிறோம். நெடுநல்வாடையை எடுத்துப் பாருங்கள். கூதிர்காலத்தில் குறுகிய வாயுடைய கன்னலில் தண்ணீர் குடிக்க ஆளில்லை. எல்லோரும் "பகுவாய்த் தடவில் செந்நெருப்பு" ஆர இருக்கிறார்கள். பகுவாய் என்பது அகன்ற வாய், தடவு என்பது நெருப்புச் சட்டி. மெல்பேர்ண் அம்மா சொன்ன இரும்புச் சட்டியை நக்கீரர் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றும். தடவு என்பதே சொல். விளக்கம் வேண்டுவோர்க்குத் தீத்தடவு.

சொற்பிறப்பும் பொருந்துகிறது. "தடவும் கயவும் நளியும் பெருமை" என்பது தொல்காப்பிய உரியியல். அதை அடுத்து, தட என்னும் சொல் கோட்டப் பொருளையும் தரும் என்கிறார். கோட்டம் என்றால் வளைவு. பெரியது, வளைந்த விளிம்புடையது. இதைவிடத் துல்லியமாக எந்த மொழி சொல்லும்? தடாகம், தடா என்னும் பெரும்பானை, இவற்றையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். தடந்தோள், தடக்கை

ஞா., டொராண்டோ

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "தீத்தடவு" என்று எங்கட அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எந்த இடத்தில தடவ வேணும், முழங்காலுக்கோ?" என்று கேட்டார். பாதுகாப்புக் கையேட்டில் "எரியும் தடவில் எண்ணெய் ஊற்றாதீர்கள்" என்று வந்தால் சனம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு விதம். டொராண்டோ நகருக்குள் விறகு எரிக்கும் ஃபயர்பிட்டைத் தோட்டத்தில் மூட்டவே அனுமதி இல்லை. ஆனால் கடைகளில் விற்கிறார்கள், ஆட்கள் வாங்குகிறார்கள். கடையில் இருக்கிறதென்றால் சட்டமும் ஓமென்று சொல்லியிருக்கும் என்று நினைக்கிறார்கள். மெல்பேர்ணிலும் நகரசபைக்கு நகரசபை விதி மாறுமென்றால் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

ம.கு., தஞ்சாவூர்

வழக்கில் இல்லை என்பதற்காகச் சொல்லைக் கைவிட்டால் கணினி, மென்பொருள் எதுவும் வந்திருக்காது. வழக்கு என்பது நாம் உண்டாக்குவது.

சா.க., கோத்தகிரி

ஐயாவுக்கு மரியாதையோடு: கணினிக்கு மக்கள் பழகப் பத்து இருபது வருடம் கிடைத்தது. இந்தக் கையேட்டுக்குக் கோடை வரைதான்.

மலையில் இருப்பவர்களுக்கு இதற்குச் சொல் இருக்கிறது: கணப்பு. குளிர்காய மூட்டும் நெருப்பு. காய்ச்சல் வந்தால் உடம்பு கணகணவென்று இருக்கிறது என்கிறோமே, அந்தக் கண. தரையில் இருந்தாலும் சட்டியில் இருந்தாலும் மேசையில் இருந்தாலும் கணப்புத்தான். வடிவத்தைச் சொல்லாமல் பயனைச் சொல்வதால் மூன்று வகையும் அடங்கும். தோட்டத்துக்கு என்பதால் தோட்டக் கணப்பு.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுங்கள். இரவு முடிந்ததும் மீதிக் கங்கைச் சட்டியோடு தூக்கி அறைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுப்பவர்கள் உண்டு. புகை இல்லை, கங்கு மட்டும்தானே என்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மலை விடுதிகளில் அப்படிப் படுத்து எழுந்திருக்காதவர்கள் பற்றிச் செய்தி வரத்தான் செய்கிறது. கூடாரத்துக்குள்ளும், மூடிய தாழ்வாரத்திலும் கூடாது.

தே.பி., மதுரை

கணப்பு நல்ல சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நெருப்பின் பெயரா, கலத்தின் பெயரா? "கணப்பு வாங்கினேன்" என்றால் நெருப்பை வாங்கினேன் என்றாகிறது. ஆகுபெயர் என்று சமாளிக்கலாம். குழி வேண்டாமென்றால் குண்டம் வைத்துக்கொள்ளுங்கள். அதை வடசொல் என்று தள்ள யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: குண்டு என்றால் ஆழம், "குண்டும் குழியும்" என்று நம் சாலையைத் திட்டும்போதெல்லாம் நாம் பேசுவது தமிழ்தான்.

இர., கோவை

தீக்குண்டம் என்றாலும் பண்ணாரிதானுங்க. ஓமகுண்டம் வேறு கூடவே வரும். தோட்டத்தில் நண்பர்களோடு சோளம் சுட உட்காருபவர் நெய்யும் சமித்தும் தேடுவார்.

ம.கு., தஞ்சாவூர்

வழிபாட்டுத் தீ என்றதும் நினைவுக்கு வருகிறது. கார்த்திகையில் கோயில் முன் பனைமரத்தை நட்டு ஓலை சுற்றிக் கொளுத்தும் சொக்கப்பனை. சொர்க்கப்பனை என்பதன் திரிபு என்று சிலர். சொக்கன் பனை என்று வேறு சிலர். எனக்கென்னவோ இரண்டும் பின்னால் கட்டிய கதை என்றே படுகிறது. இது குறித்துத் தனி இழை தொடங்கலாமா?

மட்டுறுத்துநர்

தாராளமாக, தனி இழையில். இங்கே வெள்ளிக்கிழமைக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

வா.சு., மெல்பேர்ண்

எல்லோருக்கும் நன்றி. தலைப்பை ஒத்திவைத்து உள்ளே போயிருக்கிறேன். மூன்று இடங்களில் உதவி வேண்டும்.

ஒன்று, சட்டியின் மேல் போடும் கம்பிவலை மூடி. பொறிவலை என்று எழுதினால் எலி பிடிக்கும் சங்கதி போல இருக்கிறது.

இரண்டு, சாம்பல் பற்றிய பத்தி. மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே நாட்கணக்கில் சூடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல், மூடியுள்ள தகர வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்கிறது மூலம். மிக நீளமாக விளக்கியிருக்கிறார்கள்.

மூன்று, "டோட்டல் ஃபயர் பேன்" நாள். அன்றைக்கு வெளியே விறகோ கரியோ எரிக்கவே கூடாது. முழுத் தீத்தடை என்று போட்டேன், திரும்பப் படித்தால் தீயைத் தடுக்கும் சுவர் போல ஒலிக்கிறது.

ஞா., டொராண்டோ

இரண்டாவதற்குத் தமிழில் ஆயத்தமாகவே இருக்கிறதே: நீறு பூத்த நெருப்பு. மனிதரின் கோபத்துக்குச் சொல்லிச் சொல்லி அதன் நேர்ப்பொருளை மறந்துவிட்டோம். "சாம்பல் நீறு பூத்த நெருப்பாக இருக்கும்" என்று எழுதுங்கள், ஒரு பத்தி மிச்சம்.

சா.க., கோத்தகிரி

முதலாவதற்குச் சொல் உண்டாக்க வேண்டாம். "தீப்பொறி பறக்காமல் மேலே கம்பிவலை போட்டு மூடுங்கள்". மூன்றாவது, "நெருப்பு மூட்டத் தடை நாள்". மூட்ட என்ற வினை வந்ததும் குழப்பம் போய்விடும்.

தே.பி., மதுரை

முழு என்பது விடுபடுகிறது. அது சட்டச் சொல். "நெருப்பு மூட்ட முழுத் தடை நாள்". தடை இல்லாத மற்ற நாட்களுக்கு என்ன நிபந்தனை என்பதையும் இங்கே இடுங்களேன், தலைப்பைத் தீர்மானிக்க உதவும்.

வா.சு., மெல்பேர்ண்

தீ அபாயக் காலத்தில், தடை அறிவிக்காத நாட்களுக்கு மாநில விதி இப்படி: காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வீசக்கூடாது. முறையாகக் கட்டிய நெருப்பிடத்தில், அல்லது குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழப் பள்ளத்தில் மூட்ட வேண்டும். பரப்பு 1 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. சுற்றிலும் மேலேயும் 3 மீட்டருக்குப் பற்றக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. மரக்கிளை, துணிப் பந்தல், மரவேலி எல்லாம் அதில் அடக்கம். அணைக்கத் தெரிந்த ஒருவர் தண்ணீரோடு பக்கத்திலேயே இருக்க வேண்டும், முற்றாக அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தே.பி., மதுரை

பார்த்தீர்களா, 30 சென்டிமீட்டர் ஆழப் பள்ளம். குழி சட்டத்திலேயே இருக்கிறது!

இர., கோவை

"அல்லது" என்பதும் இருக்கிறதுங்க. கடையில் வாங்கும் சட்டிக்கு எங்கே பள்ளம்?

எதை வாங்குவது என்ற பக்கத்துக்கு இரண்டு குறிப்பு. இரட்டைச் சுவர் வைத்த "புகையில்லா" வகையில், சுவர்களுக்கு நடுவே சூடான காற்று மேல்விளிம்புத் துளைகளால் வந்து புகையையே எரிக்கிறது. காய்ந்த விறகு போட்டால்தான் அந்தக் கணக்கு வேலை செய்யும். ஈர விறகுக்கு எந்தச் சட்டியும் புகையும். திரவ ஆல்கஹால் ஊற்றும் சின்ன மேசை வகையை மட்டும் வாங்கவே வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்ததென்று மறுபடி ஊற்றினால் புட்டியிலிருந்து ஆள்மேல் தீ பாயும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் அந்த வகையைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி எச்சரித்தது.

விறகிலும் கவனம். பழைய வேலிப்பலகை பச்சைச் சாயலாக இருந்தால் செம்பும் ஆர்செனிக்கும் ஏற்றிப் பதப்படுத்தியதாக இருக்கலாம். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக். அந்தச் சாம்பலைக் கத்தரிச் செடிக்குப் போடுவதற்கென்றே எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

ஞா., டொராண்டோ

பெற்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டாதீர்கள் என்பதையும் சேருங்கள். ஊரில் எல்லோரும் செய்தது அதுதான்.

தலைப்புக்கு என் வாக்கு கணப்பு. ஆனால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாது. முதல் இடத்தில் ஃபயர்பிட் என்பதையும் தமிழ் எழுத்தில் வையுங்கோ. பிள்ளைகள் வீட்டில் சொல்லும் சொல் அதுதானே.

தே.பி., மதுரை

பாதுகாப்பு என்ற பெயரில் மணிப்பிரவாளம். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

வா.சு., மெல்பேர்ண்

இன்று இரவு அனுப்புகிறேன். தலைப்பு: "தோட்டக் கணப்பு: ஃபயர்பிட்டைத் தெரிந்து வாங்குங்கள், கவனமாக மூட்டுங்கள்". உள்ளே எல்லா இடத்திலும் கணப்பு. தரையில் தோண்டிய வகைக்கு மட்டும் "குழிக் கணப்பு". தே.பி. ஐயாவின் குழி அந்த ஒரு பத்தியில் வந்துவிட்டது. "முழுத் தடை"யும் அவர் சொன்னபடியே.

சா.க., கோத்தகிரி

சரி, போகட்டும். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை போலிருக்கிறது, எனக்கும் "குழிக் கணப்பு" கொஞ்சம் உறுத்துகிறது. வேறு வழி தெரியவில்லை.

ம.கு., தஞ்சாவூர்

அச்சுக்குப் போகுமுன் ஒரே வேண்டுகோள். இரும்புச் சட்டி வகைக்காவது அடுத்த பதிப்பில் "தடவு" என்பதைப் பரிசீலிக்கவும். டொராண்டோ அம்மையார் முழங்காலுக்கு என்று கேட்டது வினையை. நான் சொல்வது பெயர். இரண்டும் வேறு வேறு என்பதை வேற்றுமை உருபு ஏற்பதைக் கொண்டே காட்டலாம். விரிவாக நாளை எழுதுகிறேன்.