மறு: லெகசி பாஸ்பரஸ்: ‘மரபு மணிச்சத்து’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். ‘லெகசி பாஸ்பரஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பேர் தேடுகிறோம் (பாஸ்பரஸ்தான் மணிச்சத்து). அதில் வந்த ஒரு யோசனைக்கு இது என் பதில்.

> லெகசி என்றால் மரபு. ஆகவே ‘மரபு மணிச்சத்து’ என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் மரபு விதை, மரபு நெல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது ஏதோ பாட்டன் காலத்து நல்ல சரக்கு, தேடி வாங்க வேண்டியது என்றுதான் படும். நாம் பேர் தேடுவதோ நேர்மாறான ஒன்றுக்கு. வருடக்கணக்கில் அளவுக்கு மீறி எரு கொட்டியதால் மண்ணில் சேர்ந்து, கொட்டுவதை நிறுத்தின பிறகும் போகாமல் கிடக்கும் மணிச்சத்து அது.

பன்றி எரு மண்ணை நாளடைவில் என்ன செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல் என்னை மறித்தது. தானியங்களில் உள்ள மணிச்சத்தில் பெரும்பங்கு ஃபைடேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. மாட்டு வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். பன்றிக்கும் கோழிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் தீவனத்தில் தனியாகப் பாஸ்பேட் உப்பு வேறு சேர்க்கிறார்கள். செரிக்காததெல்லாம் எருவில் வந்துவிடும். பயிர் சுமாராக ஏழெட்டுப் பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஒரு பங்கு மணிச்சத்து எடுக்கும். பன்றி எருவில் மூன்று நான்கு பங்குக்கே ஒரு பங்கு இருக்கிறது. தழைச்சத்துக் கணக்குப் பார்த்துக் கொட்டினால் மணிச்சத்து இரண்டு மடங்காக விழும். தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றிலும் நைட்ரேட்டாக நிலத்தடி நீரிலும் போய்விடும். மணிச்சத்து அவ்வளவு சுலபத்தில் நகராது. இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

நெதர்லாந்தில் 1987இல் எருவுக்கு முதன்முதலாக உச்சவரம்பு வைத்தபோதுகூட மக்காச்சோள நிலத்துக்கு எக்டருக்கு 350 கிலோ பாஸ்பேட் வரை போட அனுமதித்தார்கள். அதுதான் கட்டுப்பாடு! நம் ஊரில் பாசன வசதியுள்ள கலப்பின மக்காச்சோளத்துக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 75 கிலோ. எவ்வளவு எரு போட்டாலும் மக்காச்சோளம் தாங்கும் என்பதால் அங்கே அந்த வயல் எருவைத் தள்ளிவிடும் இடமாகிவிட்டது. பின்னால் வரம்பை இறுக்கினார்கள், ஃபைடேட் பூட்டைத் திறக்கும் ஃபைடேஸ் நொதியைத் தீவனத்தில் கலந்தார்கள். ஆனால் முன்பு விழுந்தது விழுந்ததுதான்.

இதெல்லாம் எங்கோ நடப்பது, 2019 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கப் பன்றியே 90 லட்சம்தான், 2012ஐவிட 12 விழுக்காடு குறைவு, நமக்கெதற்கு என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் நாமக்கல் கோழிக்கும் அதே வயிறுதான்.

அப்புறம், பெங்களூரை விட்டு ஒரு மணி நேரம் போனால் போதும். ஆனேக்கல் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பன்றி வளர்க்கிறார், பூர்வீகம் தளி. காலையில் ஓட்டல்களிலிருந்து நீல டிரம்களில் மிச்சச் சோறும் சாம்பாரும் வந்து இறங்கும். கொட்டகையைக் குழாய் வைத்துக் கழுவி விட்டால் சாணம், மூத்திரம், தண்ணீர் எல்லாம் ஒன்றாகக் குழிக்குள் போகும். அங்கிருந்து மோட்டார் போட்டு நேப்பியர் புல்லுக்கு. அவர் கையில் மண் பரிசோதனை அட்டை இருந்தது, கன்னடத்தில். ‘ரஞ்சக’ என்ற வரிக்கு எதிரே அதிகம் என்று போட்டிருந்தது. அந்த வார்த்தை அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. மணிச்சத்து என்றேன். “கதிர்ல மணி பிடிக்கிறதுக்குப் போடுறதா? அது எங்கப்பா அடிச்ச குப்பைங்க. பழைய இருப்பு இன்னும் நிலத்துல கிடக்கு” என்றார்.

நான் தேடியது அவர் வாயிலேயே இருந்தது. மணிச்சத்து என்று பேர் வைத்தவர்கள் பாஸ்பரஸை அகராதியில் தேடியிருந்தால் ‘ஒளி’ என்று ஏதாவது வைத்துத் தொலைத்திருப்பார்கள். அது பயிரில் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். நாமும் லெகசியை விட்டுவிட்டு மண்ணைப் பார்ப்போம்.

என் முன்மொழிவு: முன்னிருப்பு மணிச்சத்து. சுருக்கமாக, முன்னிருப்பு.

> ‘எச்ச மணிச்சத்து’ ஏன் கூடாது?

எச்சம் என்றதும் காக்கைதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்குப் பறவை எச்சம் நிஜமாகவே மணிச்சத்து மிகுந்த உரம். இரண்டும் குழம்பினால் பிரிக்க முடியாது. ‘தேங்கிய மணிச்சத்து’ என்றால் தண்ணீர் போல நிற்கிறது என்று படும். முன்னிருப்பு என்றால் கடைக்கணக்கு எழுதியவருக்குப் புரியும். சென்ற பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. நல்லதா கெட்டதா என்று சொல்லாது. இதற்கு இரண்டு முகமும் உண்டே. பயிருக்கு அது சேமிப்பு. மழையில் மண்ணோடு அரித்துக்கொண்டு ஏரிக்குப் போனால் பாசிக்குத் தீனி. ஏரி அடிவண்டலில் சேர்ந்திருப்பதையும் முன்னிருப்பு என்றே சொல்லலாம். கழிவுநீரை நிறுத்தினாலும் ஏரி உடனே தெளியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எருவோடு மண்ணில் சேரும் தாமிரம், துத்தநாகத்துக்கு மட்டும் இந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை. டென்மார்க்கில் நாடெங்கும் 7 கிலோமீட்டர் கட்டம் போட்டு 1986, 1998, 2014 என்று மூன்று முறை மண் எடுத்துப் பார்த்தார்கள். பன்றி எருக்குழம்பு பாய்ந்த வயல்களில் இரண்டும் ஏறியிருந்தன, குறிப்பாகக் கடைசி 16 ஆண்டுகளில். பால் மறந்த குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வராமலிருக்கத் தீவனத்தில் துத்தநாக ஆக்சைடு கலந்ததும் இதற்கு ஒரு காரணம். மருந்தளவில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்திவிட்டது. பயிர் இவற்றை எடுப்பது சொற்பம். எடுத்துச் செலவழிக்க முடியாததை இருப்பு என்பானேன்? ‘படிவு’ போதும்.

எரு போடாமல் பயிரை மட்டும் அறுத்து முன்னிருப்பைக் குறைப்பதற்கு ‘கரைத்தல்’ என்று வைக்கலாமா? சொத்தைக் கரைத்தான் என்கிறோமே.

ஹெப்பாலிலிருந்து,
அன்புடன்

---

தம்பிக்கு,

முன்னிருப்பு எனக்குச் சம்மதம். ‘கரைத்தல்’ வேண்டாம். பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரம் கொடுக்கும்போதெல்லாம் ‘மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும்’ என்று சொல்லியே முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். அது பூட்டியிருப்பதைப் பயிருக்கு எட்டவைப்பது. நீங்கள் சொல்வது நிலத்தை விட்டே வெளியேற்றுவது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வகுப்பில் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள். ‘எடுப்பு’ என்று வையுங்கள். பயிரும் எடுக்கும், பாஸ்புக்கிலும் எடுப்போம்.

---

அம்மா, எடுப்பு நன்றாக இருக்கிறது. கரைத்தலை விட்டுவிட்டேன், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

நேற்று ஆனேக்கல்காரருக்கு ஒரு தாளில் நாலு கட்டம் போட்டுக் காட்டினேன்: முன்னிருப்பு, வரவு, எடுப்பு, மீதி. பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “அப்ப டிஏபி மூட்டை வேணாமா?” அதுவும் மணிச்சத்து உள்ள உரம்தான், இந்த வருடம் வேண்டாம், புல்லை அறுத்து வெளியே விற்றுக்கொண்டே இருங்கள் என்றேன். எத்தனை வருடத்துக்கு என்று கேட்பதற்குள் டிரம் வண்டி வந்துவிட்டது.