லெபனானில் நிவாரணம் யாரைச் சென்றடைகிறது?

கேள்வி (மலைநாட்டான்):

என் சித்தி பெய்ரூட்டில் ஒரு வீட்டில் பதினொரு ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்தார். 2024 செப்டம்பரில் இஸ்ரேலின் குண்டுவீச்சு கடுமையானபோது, அவ்வீட்டார் அவரை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவருடைய கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு மலைப்பகுதிக்குப் போய்விட்டனர். இடம்பெயர்ந்தோர் தங்குவதற்காகத் திறக்கப்பட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் போனபோது, அது லெபனானியருக்கு மட்டுமே என்று திருப்பி அனுப்பினார்கள். அந்நாட்டுக்கு இத்தனை ஆண்டுகளாக நிவாரணப் பணம் வந்துகொண்டிருக்க, அவருக்கு ஒரு பாய்கூடக் கிடைக்காமற்போனது ஏன்? அந்த உதவி எந்த அடிப்படையில் பிரிக்கப்படுகிறது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பெக்காவில் இருந்தவன்):

உங்கள் சித்திக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். பெக்கா பள்ளத்தாக்கில் ஒரு நிவாரண அமைப்பில் சில காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். லெபனானின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். இலங்கையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அச்சிறு நாட்டில் சிரியப் போரின்போது 15 லட்சம் சிரியர் அடைக்கலம் புகுந்ததாக அரசு மதிப்பிட்டது. அங்கே உதவி என்பது பெயர்ப்பட்டியலைப் பொறுத்தது. பாலஸ்தீனர், பாலஸ்தீன அகதிகளுக்கென்றே உள்ள ஐ.நா. அமைப்பான அன்ர்வாவின் பட்டியலில் வருவர், சிரியர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பட்டியலில் வருவர். ஆனால் 2015 மே மாதத்தில் அரசு புதிய பதிவை நிறுத்தச் சொன்னதால், அதற்குப் பின் வந்த சிரியர்கள் போரிலிருந்து தப்பியவர்களாக இருந்தும் முறையான பதிவைப் பெற முடியவில்லை. லெபனான் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1948இல் வந்த பாலஸ்தீனரின் முகாம்கள் நிலைத்துவிட்ட அனுபவத்தால், சிரியருக்கு அதிகாரபூர்வ முகாம்களை அமைக்க அரசு இசையவில்லை. ஆகவே குடும்பங்கள் விளைநிலங்களில் மரச்சட்டமும் தார்ப்பாயும் கொண்டு கூடாரம் போட்டு, நிலத்துக்கு வாடகை கொடுத்தன. ஷாவிஷ் எனப்படும் குடியிருப்புத் தலைவர் வாடகையைத் திரட்டி நில உரிமையாளரிடம் சேர்ப்பார். உணவுக்கென்று அட்டையில் வந்த பணத்தின் ஒரு பகுதி இவ்வழியே வாடகையாகப் போனதை நான் கண்டிருக்கிறேன். 2019 ஜனவரியில் நோர்மா புயல் வந்தபோது அக்கூடாரங்கள் வெள்ளத்திலும் பனியிலும் மூழ்கின. தரமான வீடு கட்ட அனுமதி இல்லாத இடத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் அதே தார்ப்பாயையே மீண்டும் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுமொழி (வடகரை):

உள்ளூர் ஏழைகளின் நிலையையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். பல ஆண்டுகள் ஒரு டாலருக்கு சுமார் 1,500 லெபனான் பவுண்டு என்றிருந்த மதிப்பு, 2019 பொருளாதார நெருக்கடிக்குப் பின் சரிந்து, 2023இல் வெளிச்சந்தையில் ஒரு லட்சத்தைக் கடந்தது. ஆசிரியரின் சம்பளமும் படைவீரரின் சம்பளமும் கரைந்துபோன காலத்தில், பக்கத்துக் கூடாரத்தவர் கையில் உதவி அட்டை இருப்பதைப் பார்த்தவருக்கு மனக்கசப்பு வந்ததில் வியப்பில்லை. வறிய லெபனானியரையும் சேர்த்தே 2015 முதல் உதவித் திட்டம் வகுக்கப்பட்டது சரியான முடிவு என்பது என் கருத்து. ஊருக்கே தண்ணீர் தரும் குழாயைச் சீரமைத்தால் இரு தரப்பாரும் அதிலிருந்துதான் குடிப்பார்கள்.

மறுமொழி (தோழமை):

கேள்வி பணிப்பெண்களைப் பற்றியது என்பதால் அதற்கே வருகிறேன். அவர்கள் அகதிகளும் அல்லர், குடிமக்களும் அல்லர். லெபனானின் தொழிலாளர் சட்டமும் வீட்டுப் பணியாளரை விலக்கி வைத்துள்ளது. கஃபாலா முறைப்படி அவர்களுடைய வதிவிட உரிமை எஜமானரோடு கட்டப்பட்டிருப்பதால், எஜமானர் கைவிட்டால் சட்டப்படி நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடுகிறது. 2020இல் பணப்புழக்கம் வற்றியபோது எத்தியோப்பியப் பெண்கள் பலரை எஜமானர்கள் தூதரக வாசலிலேயே இறக்கிவிட்டுச் சென்றனர். 2024இலும் எஜமானர்கள் பலர் பணிப்பெண்களைக் கைவிட்டனர். அப்போது இவர்களுக்குக் கதவைத் திறந்தவற்றுள் இயேசு சபையினரின் அகதிகள் பணி அமைப்பும் ஒன்று. பெய்ரூட்டில் உள்ள தம் தேவாலய வளாகத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

சித்தி இன்னும் அங்கே இருந்தால், கடவுச்சீட்டுக்குப் பதிலாகத் தற்காலிகப் பயண ஆவணத்தை நம் இலங்கைத் தூதரகத்தில் கேட்கலாம். வெளியேறுவதற்கு லெபனானின் பொதுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் வேண்டும். பயணச்சீட்டுக்குப் புலம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். சம்பளப் பாக்கி இருந்தால், புறப்படுமுன் மாத வாரியாக எழுதி வைத்துக்கொண்டு, அங்குள்ள வழக்கறிஞர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.