அவே கேம் என்றால் கார் பயணமா, விமானப் பயணமா?

ஆஸ்டின்வாசி:

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலை விடாமல் பார்க்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் நேராகவே கேட்கிறேன். உங்களுக்குப் பிடித்த அவே கேம் பயணம், அதாவது எதிரணியின் ஊருக்கே போய் ஆட்டம் பார்க்கிற பயணம், எது? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் காரில் கிளம்பி, ஆட்டம் பார்த்து, ராத்திரி எத்தனை மணியானாலும் வீட்டுக்கு வந்து படுக்கக்கூடிய தூரத்தில் இருக்கிற எதிரியின் ஊருக்குப் போனால்தான் அது அவே கேம். மற்றதெல்லாம் சுற்றுலா.

நான் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 2011 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் ராத்திரி, ஐந்து மாணவர்கள் ஒரு பழைய கேம்ரியில் நெருக்கி உட்கார்ந்து காலேஜ் ஸ்டேஷனுக்குப் போனோம், எங்கள் எதிரி டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். நூறு மைலுக்குச் சற்று மேல், இரண்டு மணி நேரம். கடைசி நொடியில் எங்கள் ஜஸ்டின் டக்கர் பந்தை உதைத்து அடித்த ஃபீல்டு கோலில் 27-25 என்று ஜெயித்தோம். அதோடு ஏ அண்ட் எம் எஸ்இசி என்கிற கான்ஃபரன்ஸுக்கு, அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் வேறொரு கல்லூரிக் குழுவுக்கு, போய்விட்டது. 13 வருடம் அந்த ஆட்டமே இல்லை.

2024 நவம்பர் 30, மறுபடியும் அதே ஊர். இந்தத் தடவை என் ஒன்பது வயது மகளும் கூட வந்தாள். 290-ஆம் நம்பர் சாலையில் ஏறி, எல்ஜின் தாண்டி, 21-ஐப் பிடித்தால் கால்ட்வெல் வரும். செக் நாட்டிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கொலாச்சிக்குப் பேர் போன ஊர். பன் மாதிரி மெத்தென்று இருக்கும், நடுவில் ஒரு குழி, குழியில் கசகசா அல்லது ஆப்ரிகாட் ஜாம். ஒரு டஜன் வாங்கினோம், காலேஜ் ஸ்டேஷன் போவதற்குள் நான்குதான் மிச்சம். ஏ அண்ட் எம்மின் ஸ்டேடியமான கைல் ஃபீல்டில் 1 லட்சம் பேருக்கு மேல். அவர்கள் தங்கள் பாட்டைப் பாடும்போது தோளில் கை போட்டுக்கொண்டு, ஒரு வரிசை இடது பக்கம், அடுத்த வரிசை வலது பக்கம் என்று ஆடுவார்கள். எங்கள் அணியின் சின்னமான லாங்ஹார்ன் மாட்டின் கொம்பை ரம்பத்தால் அறுப்பதாக அர்த்தம். எதிரே உட்கார்ந்து பார்த்தால் மொத்த ஸ்டாண்டும் படகு மாதிரி அசையும். "அப்பா, பில்டிங் நிஜமாவே ஆடுதா?" என்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். 17-7 நாங்கள் ஜெயித்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் தூங்கவே இல்லை. விமானத்தில் போய் ஹோட்டலில் தங்கினால் இது வருமா?

ஏரிக்கரைக்காரன்:

அண்ணா, இரண்டு மணி நேரத்தில் எட்டுகிற எதிரி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நான் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்களுக்குப் பக்கத்து எதிரி என்றால் ஆரெகன், அவர்கள் ஊர் யூஜீனுக்கே காரில் ஐந்து மணி நேரம். உங்கள் கணக்குப்படி நாங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2024-இல் நாங்கள் அயோவாவும் இருக்கிற பிக் டென் கான்ஃபரன்ஸில் சேர்ந்தோம், அந்த அக்டோபரில் நான்கு பேர் அயோவாவுக்குப் போனோம். சிகாகோ வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார், மூன்றரை மணி நேரம். வழி நெடுக மக்காச்சோளமும் சோயாவும். அறுவடைக் காலம், இருட்டிய பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், கண்ணாடியை இறக்கியதும் வந்த அந்தத் தூசி வாசனையில் இரண்டு நிமிடம் பேச்சே வரவில்லை. அப்புறம் மிசிசிப்பி ஆற்றைக் கடந்தோம். சின்ன வயதில் வரைபடப் புத்தகத்தில் பார்த்த ஆறு.

ஆட்டம் காலை 11 மணிக்கு, எங்கள் ஊர்க் கணக்கில் 9 மணி. அயோவா அணியின் கினிக் ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி உயரமாக நிற்கிறது. முதல் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதி, முடிந்ததும் ஸ்டேடியத்தில் இருக்கிற கிட்டத்தட்ட 70,000 பேரும் எழுந்து, மைதானத்தை விட்டுவிட்டு அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். அவர்கள் ஆட்டக்காரர்கள், எங்கள் ஆட்டக்காரர்கள், நடுவர்கள் எல்லாரும். 2017-இல் இருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கிறது, ஒரு ரசிகரின் யோசனையில் தொடங்கியதாம். ஒரு ஜன்னலில் யாரோ ஒரு சின்னக் குழந்தையைத் தூக்கிப் பிடித்து அதன் கையை ஆட்ட வைத்தார்கள். முகம் தெரியவில்லை, அந்தக் கை மட்டும் தெரிந்தது. நாங்கள் 40-16 என்று தோற்றோம். திரும்பிப் போகச் சொன்னால் நாளைக்கே போவேன். இதைச் சுற்றுலா என்று நீங்கள் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மஞ்சள்நீலம்:

தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கை ஆட்டலை டிவியில் பார்த்தே எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் நான் ஆஸ்டின்காரர் பக்கம்தான். காரணம், பகைக்கு ஒரு பூகோளம் வேண்டும்.

நான் மிச்சிகன் ஆள். ஆன் ஆர்பரிலிருந்து கொலம்பஸ் 190 மைல். 23-ஆம் நம்பர் சாலை எங்கள் ஊர் வழியாகவும் போகிறது, எங்கள் எதிரி ஓஹயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ் வழியாகவும் போகிறது. நடுவில் டொலீடோ. அந்த டொலீடோ யாருக்கு என்று 1835-இல் இரண்டு பக்கமும் ஆட்களைத் திரட்டி எல்லைக்கு அனுப்பின. கடைசியில் டொலீடோ ஓஹயோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு வடக்கே ஒரு தீபகற்பம் கிடைத்தது, 1837-இல் மாநிலமாகவும் சேர்ந்தது. அதாவது பந்து என்று ஒன்று வருவதற்கு முன்பே இந்தத் தகராறு இருக்கிறது. எங்களோடு ஆடுகிற வாரம் அவர்கள் கேம்பஸ் முழுக்கப் பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்து எங்கிருந்தாலும் அதன்மேல் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டு வைப்பார்கள். நம் எழுத்தே இல்லாத ஊரில் நம் சட்டையோடு நடப்பது இருக்கிறதே, அதைப் பகையில்லாத ஊரில் எப்படி அனுபவிப்பது? 2024-இல் 13-10 என்று ஜெயித்துவிட்டு அதே 23-இல் திரும்பினோம், டொலீடோ வரும்வரை யாரும் பாட்டை நிறுத்தவில்லை.

மேடிசன்அக்கா:

அந்த 13-10 ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். நடுவில் மிச்சிகன்காரர்கள் தங்கள் கொடியை நடப் போனதற்குக் கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தார்கள். பகை பகை என்று கொண்டாடும்போது அதுவும் கூடவே வருகிறது.

நாங்கள் விஸ்கான்சின். ஒரு ஊரில், எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை, எங்கள் அணியின் சிவப்புச் சட்டை போட்டிருந்ததற்காக என் பையன் மேல் பின்வரிசையிலிருந்து ஐஸ் கட்டி எறிந்தார்கள். அவனுக்கு அப்போது ஏழு வயது. காரில் நான்கு மணி நேரம் போன ஊர்தான், பக்கத்து எதிரிதான். அதன்பிறகு அவன் வெளியூர் ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று ஒரு வருடம் அடம்பிடித்தான்.

இன்னொன்று, நீங்கள் யாரும் பேசாத விஷயம். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை டிவிக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள், பல வாரங்களில் 12 நாள் முன்னால்தான் தெரியும், சில சமயம் 6 நாள். காலை 11 மணியா, ராத்திரி 7 மணியா என்று தெரியாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த ஹோட்டலை, எந்த விமானத்தைப் பதிவு செய்வது? காராவது பரவாயில்லை, நினைத்த நேரத்துக்குக் கிளம்பலாம். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நான் கார் கட்சி.

காரசாரம்:

எல்லாரும் தூரத்தையே பேசுகிறீர்கள், சாப்பாட்டை யாராவது சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொலாச்சியோடு நின்றுவிட்டது. நான் எல்எஸ்யு, அதாவது லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், ஊர் பேட்டன் ரூஜ். எங்கள் ஊருக்கு வாருங்கள். எங்கள் அணியின் மஞ்சள் ஊதா போடாதவனைப் பார்த்தால் "டைகர் பெய்ட்" என்று கத்துவார்கள், புலிக்கு இரை என்று பொருள். அடுத்த நிமிடம் அதே ஆள் கையில் ஒரு கிண்ணம் கம்போவைத் திணிப்பார். மாவை எண்ணெயில் போட்டுக் கருஞ்சிவப்பாகும்வரை கைவிடாமல் கிளறுவார்கள், ஒரு நிமிடம் திரும்பினால் கருகிவிடும், அதில் வெண்டைக்காயும் இறாலும் சேர்த்துக் கொதிக்கவிட்டுச் சோற்றில் ஊற்றித் தருவார்கள். நம் வீட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டு சாப்பிடலாம். ராத்திரி ஆட்டம் என்றால் டைகர் ஸ்டேடியத்தின் சத்தம் தனி. 1988-இல் ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் டச்டவுன் போட்டு 7-6 என்று ஜெயித்தபோது எழுந்த கூச்சலை எங்கள் பல்கலைக்கழகத்து நில அதிர்வுக் கருவியே பதிவு செய்தது.

மஞ்சள்நீலம்:

கேள்வி அவே கேம் பற்றி. நீங்கள் உங்கள் சொந்த ஊரைச் சொல்கிறீர்கள்.

காரசாரம்:

சரி, நியாயம். என்னுடைய அவே கேம் ஆக்ஸ்ஃபர்ட், மிசிசிப்பி. ஓல் மிஸ் என்று கூப்பிடுகிற மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஊர். காரில் ஐந்து மணி நேரம். அங்கே ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் க்ரோவ் என்று ஒரு தோப்பு, ஓக் மரங்கள், ஆட்டத்தன்று புல் தரையே தெரியாத அளவுக்குக் கூடாரங்கள். கூடாரத்துக்குள் சரவிளக்கு தொங்கவிட்டு, வெள்ளை மேஜை விரிப்பு, வெள்ளித் தட்டு, ஆண்கள் டை கட்டிக்கொண்டு, பெண்கள் கல்யாணத்துக்கு வந்தமாதிரி உடுத்திக்கொண்டு வருவார்கள். தோப்பில் அடுப்பு மூட்டக் கூடாது, எல்லாம் வீட்டிலேயே சமைத்துக் கொண்டுவந்ததுதான். நான் ஊதாச் சட்டையோடு வழி தெரியாமல் நின்றபோது ஒரு வயதான அம்மா கூப்பிட்டு உட்காரவைத்து, என் அம்மா எந்த ஊர், நான் தினமும் சாப்பிடுகிறேனா என்றெல்லாம் விசாரித்தார். பகை இல்லையா என்றால் இருக்கிறது, ஸ்டேடியத்துக்குள் போனதும் அதே அம்மா எங்களை என்ன கத்து கத்தினார் தெரியுமா. மேடிசன் அக்கா, உங்கள் பையனை அங்கே ஒரு தடவை அழைத்துப் போங்கள்.

ஆஸ்டின்வாசி:

அக்கா, உங்கள் பையனுக்கு நடந்தது தப்பு. அதைப் பகை என்ற பெயரில் நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன்.

ஏரிக்கரைத் தம்பிக்கு: உங்கள் அயோவா பயணம் அருமை. ஆனால் அந்தப் பயணத்துக்காக என்னவெல்லாம் போயிற்று என்று பாருங்கள். ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஒரே மாநிலம், இரண்டு ஊருக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நூறு வருடத்துக்கு மேல் ஆடியவர்கள். 2023 நவம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட் தன் ஊர் ஸ்டில்வாட்டரில் 27-24 என்று ஜெயித்ததோடு நின்றுவிட்டது, ஓக்லஹோமா எஸ்இசிக்குப் போய்விட்டது. ஒரே வீட்டில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும். உங்கள் அணியே 2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்காக நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து நியூ ஜெர்சிக்குப் பறந்து ரட்கர்ஸிடம் 21-18 என்று தோற்றது. வேலைக்குப் போகிற எந்த ரசிகன் வெள்ளிக்கிழமை அங்கே போவான்?

ஏரிக்கரைக்காரன்:

அண்ணா, ஓக்லஹோமா விஷயத்தில் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஓக்லஹோமாவோடு சேர்ந்து எஸ்இசிக்குப் போனது உங்கள் டெக்சாஸும்தானே? நீங்கள் போனதால்தான் ஏ அண்ட் எம் ஆட்டம் திரும்பி வந்தது. உங்கள் மகள் அந்த ஸ்டாண்டு ஆடுவதைப் பார்த்ததே இந்த மாற்றத்தால்தான். 2011-இல் அதை நிறுத்தியதும் இதே மாதிரி ஒரு மாற்றம்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் திட்ட முடியாது.

மஞ்சள்நீலம்:

நான் கார் கட்சிதான், ஆனாலும் இதைக் கேட்டே ஆகவேண்டும். 2024 செப்டம்பரில் டெக்சாஸ்காரர்கள் ஆன் ஆர்பருக்கு வந்தீர்கள். 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் கொள்ளும் எங்கள் ஸ்டேடியத்தில் 31-12 என்று எங்களை அடித்தீர்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுச் சட்டை. அத்தனை பேரும் காரில் வந்தவர்கள் இல்லை. நீங்களும் வந்தீர்களா?

ஆஸ்டின்வாசி:

வந்தேன். விமானத்தில்தான் வந்தேன். உங்கள் ஊர் பிடித்திருந்தது, கோல்ஃப் மைதானத்தில் கார்களை நிறுத்தி டெயில்கேட், அதாவது ஆட்டத்துக்கு முன்னால் காருக்குப் பக்கத்திலேயே விருந்து, போட்டிருந்த ஒரு குடும்பம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டது. நன்றாக இருந்தது. ஆனால் ஏ அண்ட் எம் ஆட்டத்துக்கு முந்திய ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆன் ஆர்பருக்கு முந்திய ராத்திரி நன்றாகத் தூங்கினேன். என் வாதம் அவ்வளவுதான். சுற்றுலா என்று சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தம்பி சொன்ன அந்த ஜன்னல் கையை நினைத்தால் அந்த வார்த்தை சரியில்லை.

மேடிசன்அக்கா:

நான் ஒன்று சேர்க்கிறேன். ஐஸ் கட்டிச் சம்பவத்துக்கு அடுத்த வருடம் அவனைச் சமாதானப்படுத்தி மினியாபொலிஸுக்கு அழைத்துப் போனோம். 94-ஆம் நம்பர் சாலையில் நான்கு மணி நேரம். மினசோட்டாவும் நாங்களும் 1890-இலிருந்து ஆடுகிறோம், ஜெயிக்கிற அணி ஒரு பெரிய கோடாலியைத் தூக்கிக்கொண்டு ஓடி கோல்போஸ்ட்டை வெட்டுகிற மாதிரி பாவனை செய்யும். நவம்பர் குளிர், மூன்று சாக்ஸ் போட்டும் கால் மரத்துப் போனது. பக்கத்து ஸீட் மினசோட்டாக்காரர் தன் கை சூட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் கையுறைக்குள் வைத்தார். இப்போது எந்த ஊர் என்றாலும் வருகிறான்.

ஆஸ்டின்வாசி:

தம்பி, என் மகள் இதையெல்லாம் படித்துவிட்டு அயோவா எப்போது போகலாம் என்று கேட்கிறாள். டெக்சாஸ் அங்கே ஆடப்போவதில்லை, சும்மா ஆட்டம் பார்க்கத்தான். எந்தப் பக்கம் டிக்கெட் எடுத்தால் அந்த ஜன்னல்கள் நன்றாகத் தெரியும்?

ஏரிக்கரைக்காரன்:

மேற்கு ஸ்டாண்டு அண்ணா. ஆஸ்பத்திரி கிழக்கு ஸ்டாண்டுக்கு மேலே நேர் எதிரே நிற்கும். காலை ஆட்டம் என்றால் வெயில் முகத்தில் அடிக்கும், அவளுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஆட்டம் என்றால் எல்லாரும் போன் விளக்கைப் போட்டு ஆட்டுவார்கள், சார்ஜ் மிச்சம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், மற்றதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் குவார்ட்டர் முடியும்போது பாப்கார்ன் வாங்க மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.