பிஎச்டி வைவாவை (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வை) போய்ப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பெல்ஜியத்தில் பார்த்திருக்கிறேன். லூவேன்-லா-நூவில் வைவா இரண்டு தடவை: முதலில் கதவைச் சாத்திக்கொண்டு குடைந்தெடுப்பார்கள், தேறினால் பிறகு ஊரறிய ஒன்று. என்னோடு வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கணிதப் பொறியியலில் நடந்ததற்குப் போயிருந்தேன். பல கணினிகள் சேர்ந்து ஒரே மாடலைப் பழக்குவதுதான் தலைப்பு.

நான் மிஷின் லேர்னிங் வேலையில் இருப்பவன். புது மாடல் ஏதாவது காட்டுவார் என்று பார்த்தால், திரையில் வட்டமாகச் சில புள்ளிகள், அவ்வளவுதான். நடுவில் சர்வர் கிடையாது. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கணினி. ஒவ்வொரு சுற்றிலும் அது தன் இரண்டு பக்கத்துக் கணினிகளோடு விடையைச் சராசரி போட்டுக்கொள்ளும், கூடவே தன் டேட்டாவை வைத்து நல்ல விடையை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கும். வட்டத்தை இரண்டு மடங்காக்கினால், எல்லாரும் ஒத்துப்போக ஏறக்குறைய நான்கு மடங்கு சுற்றுகள் ஆகும். ஆளுக்கொரு மாதிரி டேட்டா இருந்து, அடியின் நீளத்தையும் மாற்றாமல் விட்டால், சரியான விடைக்குப் பக்கம் வரை போகும், தொடாது. 2009-ல் நெடிச், ஓஸ்டாக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய முறை இது.

வைவா கொடுத்தவர் கேட்பது, இந்த முறை எவ்வளவு மோசமாகப் போகும் என்று. கையால் போடும் நிரூபணங்கள் ‘இதைவிட மோசமாகாது’ என்ற எல்லையைப் பயந்து பயந்து தள்ளியே வைக்கும். இவரோ, அந்த மோசமான நிலையையே ஒரு ஆப்டிமைசேஷன் கணக்காக (உச்ச அளவைத் தேடும் கணக்காக) எழுதி, ‘இந்த ஆல்கரிதத்தைக் கவிழ்க்கும் ஃபங்ஷனை, அதாவது அதற்குக் கொடுக்கும் கணக்கைத் தேடு’ என்று கணினியிடமே விட்டுவிடுகிறார். 2014-ல் ட்ரோரி, டெபூல் என்ற ஆய்வாளர்கள் போட்ட பாதை.

“நிஜ டேட்டா அவ்வளவு மோசமாக இருக்காதே?” என்றார் தேர்வுக் குழுவில் ஒருவர். “இருக்காது. ஆனால் எல்லை துல்லியமாகத் தெரிந்தால் அடியைத் துணிந்து நீளமாக வைக்கலாம்” என்றார் இவர். ஆபீசில் அடியின் நீளத்தைக் குத்துமதிப்பாக வைக்கும் எனக்குச் சுருக்கென்றது.

*

நான் வைவா எதையும் பார்த்ததில்லை, ஆனால் இதே துறையில் ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். அவர் சர்வர் வைத்துச் செய்யும் ரகம், 2017 வாக்கில் கூகுள் கீபோர்டில் வந்ததே, ஃபெடரேட்டட் லேர்னிங்: டேட்டா போனிலேயே இருக்க, போனே பயிற்சி செய்து, கற்றதை மட்டும் சர்வருக்கு அனுப்பும். அவருக்குக் கணக்கைவிடப் போன்தான் தலைவலி. சார்ஜில், வைஃபையில், யாரும் தொடாமல் கிடந்தால்தான் பயிற்சி ஓடும். அதனால் ராத்திரியில்தான் கூட்டம். ராத்திரி சார்ஜ் போடாதவர் மாடலில் அதிகம் இடம்பெறவே மாட்டார். மேலே சொன்ன வட்டத்தில் ஒரு கணினி பாதியில் கழன்றுகொண்டால் என்ன ஆகும், யாரும் கேட்கவில்லையா?

*

வைவாவில் கேட்டார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது சுற்றுக்குச் சுற்று மாறினாலும் அவர் கணக்கு தாங்கும். கணினியே நின்றுபோவது அதில் இல்லை, அடுத்து வருபவர் பார்க்கட்டும் என்று சிரித்துவிட்டார்.